நாற்பத்தொரு பேரை நாலாக்கிய விண்ணப்பம்

சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கம்பெனி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் புல்தரையில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படம். கம்ப்யூட்டர் மூன்று வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று வேலை செய்கிறது. அதை நடத்துகிறவர் என் அக்கா மகனுக்குச் சிநேகிதர். இருபது வருஷத்துக்கு மேல் ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவுக்கு விண்ணப்பம் டைப் அடித்த அம்மாள் ஒருத்தி ரிட்டயராகிச் சும்மா இருக்கிறாள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், வெயிட்டிங் லிஸ்ட்ல விழுந்தா என்ன பண்ணோணும், உதவித்தொகைக்கு எப்படி எழுதோணும், பசங்களுக்கு நாலே நாலு டிப்ஸ் எழுதிக் குடுங்க" என்றார்.

என்னிடம் டிப்ஸ் கிடையாது. நான் தெரிந்தே செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுதித் தருகிறேன். அவர் கண்ணாடிக் கதவில் ஒட்டிவைக்க உதவாது, ஆனால் இலவசம்.

எனக்குச் சொந்த ஊர் சேலம் செவ்வாய்ப்பேட்டை. அப்பாவுக்கு மளிகைக்கடை. டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பில் பாஸ், சுருக்கெழுத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தலைசுற்றி, மூன்று இடங்களில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கண்டக்டரின் சாபத்தோடு மலைமேல் போய் வேலையில் சேர்ந்தேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிரின்சிபாலிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஏற்காட்டில் பேர்போன பள்ளிகள் உண்டு, எங்களுடையது அவற்றில் ஒன்றல்ல. ஐந்தாறு எஸ்டேட் முதலாளிகள் சேர்ந்து, தங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவதானாலும் இங்கிலீஷில் கெட்டுப்போகட்டும் என்று நடத்திய இடம். இப்போது அது பள்ளிக்கூடமாகவும் இல்லை. புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து தங்கும் லாட்ஜாகிவிட்டது. நான் டைப் அடித்த அறையில் கேரம் போர்டு போட்டிருக்கிறார்களாம்.

பிரின்சிபாலின் பெயர் தாமோதரன். அவர் ஆபீஸில் எழுதப்படாத சட்டங்கள் பல உண்டு, எல்லாவற்றையும் எழுதியும் வைத்திருந்தார். வருகிற கடிதம் ஒவ்வொன்றுக்கும் தபால் புத்தகத்தில் எண் போட வேண்டும். பதில் எழுதுவதென்றால் முதலில் நான் வரைவு அடித்துக் கொடுக்க வேண்டும். அவர் பச்சை மைப் பேனாவால் காற்புள்ளிகளைத் திருத்துவார். திருத்தியதை மறுபடி அடித்துக் கொடுத்தால், தான் போட்ட காற்புள்ளிகளையே மறுபடி எடுப்பார். மூன்றாவது வரைவு பெரும்பாலும் முதல் வரைவாகவே வந்து நிற்கும். "பார்த்தியா சரோஜா, இப்பதான் லெட்டர் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கு" என்பார். ஆமாம் சார் என்பேன்.

அவரிடம் சிபாரிசுக் கடிதம் ஒன்று இருந்தது. ஒன்றுதான் இருந்தது. 'என் ஆசிரிய வாழ்வில் நான் கண்ட மாணவர்களிலேயே தலைசிறந்தவன் இவன்' என்று தொடங்கும். பெயரை மட்டும் மாற்றி வருஷத்துக்கு ஆறேழு பேருக்கு அடிப்பேன். ஒரு வருஷம் இரண்டு பையன்கள் ஒரே காலேஜுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். அந்தக் காலேஜிலிருந்து ரொம்ப மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. இருவரில் தலைசிறந்தவர் யார் என்று தெரிவித்தால் முடிவெடுக்க வசதியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். பிரின்சிபால் இரண்டு நாள் யோசித்து, "அல்பாபெட்படி முதல்ல வர்ற பேரைப் போடு" என்றார். அந்தப் பையன் இன்று அமெரிக்காவில் டாக்டராக இருக்கிறான். அவன் பெயர் 'அ'வில் தொடங்கியது நோயாளிகளுக்குத் தெரியாது.

உதவித்தொகை விவகாரம் இதைவிடச் சுவாரஸ்யம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பண உதவி தருகிற காலேஜ்கள் அப்போது கொஞ்சம்தான். தருகிற இடத்திலும் வருஷத்துக்கு ஒருத்தர், இரண்டு பேர். அதற்குத் தனி விண்ணப்பம், நாலு பக்கம். வருமானம் என்ன, நிலம் எவ்வளவு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். ஒரு தடவை காப்பி எஸ்டேட் முதலாளி ஒருவர் தன் மகனுக்காக அதை நிரப்ப ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் வருமானச் சான்றிதழ். வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரின் வருமானம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். எஸ்டேட் மச்சான் பேரில் இருந்தது. அவரை நம்பி வாழ்கிறவர்கள் பதினொரு பேர் என்று பட்டியல் கொடுத்தார். அதில் இரண்டு பேருடைய கருமாதிச் சாப்பாட்டுக்குப் பிரின்சிபாலே போய் வந்திருந்தார். இருந்தாலும் அப்படியே அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பாதி உதவி கிடைத்தது. முதலாளி ஸ்வீட் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி பூங்கொடி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிக்குத் தண்ணீர், சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மலைக்கிராமத்து ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்தது. ஊற்று இருக்கிற நிலம் சடையக் கவுண்டரின் குடும்பத்துடையது. தண்ணீருக்குப் பதிலாக அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குச் சம்பளம் இல்லாமல் படிப்பு என்று பழைய ஏற்பாடு. அந்த இடத்தில் படித்தவள் சடையக் கவுண்டரின் மகள் பூங்கொடி. மற்றவர்கள் ஹாஸ்டலில் தூங்கி எழுந்து வருவார்கள். இவள் நாலு மைல் நடந்து வந்து அவர்களுக்கு முன்னால் வகுப்பில் இருப்பாள். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் அவள்தான் முதல். பரிசளிப்பு விழாவில் எஸ்டேட் முதலாளிகள் அவள் பெயரைக் கேட்டதும் ஒரே மாதிரி இருமுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், அமெரிக்காவில் அதிகம் பெயர் கேள்விப்படாத ஒரு காலேஜிலிருந்து விளம்பரத்தாள் வந்தது. வெளிநாட்டு மாணவர் இரண்டு பேருக்குப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், விமான டிக்கெட் முழுக்க இலவசம், தேவை இருப்பதை நிரூபித்தால் போதும் என்று போட்டிருந்தது. நோட்டீஸ் பலகையில் குத்திவைத்தேன். இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் பிள்ளைகள் கௌரவமாக விலகிப்போனார்கள். பூங்கொடி மட்டும் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள்.

"சரோஜாக்கா, இது நெசமாலுமே குடுப்பாங்களா?"

"நெசந்தான் கண்ணு. கேக்கறவங்களுக்குத்தான் குடுப்பாங்க."

அப்படித்தான் தொடங்கியது. பிரின்சிபாலும் சம்மதித்தார். கட்டணம் வாங்காமல் படிக்கவைத்த பெண் அமெரிக்கா போனால் பள்ளியின் ஆண்டறிக்கைக்கு ஒரு பக்கம் கிடைக்கும். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். சேலத்தில் எந்தக் காலேஜுக்கும் அவள் விண்ணப்பிக்கக் கூடாது. "இங்கேயும் ஒண்ணு போட்டு வெச்சா, நமக்கே நம்ம கேண்டிடேட் மேல நம்பிக்கை இல்லேன்னு ஆகும்" என்றார். ஆகவே அவளுக்கு அந்த ஒரே விண்ணப்பம்தான். அது கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீண், அடுத்த வருஷம் யார் படிக்கவைப்பார்கள் என்பதும் தெரியாது.

பொங்கலுக்கு முந்தின வாரம், விவரம் சொல்லச் சடையக் கவுண்டர் ஆபீஸுக்கு வந்தார். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாலுகா ஆபீஸுக்கு மூன்று நடை நடந்து வாங்கிய நிலச் சான்றிதழைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூட்டுப் பட்டா, அவர் பாட்டன் பேரில், முப்பது ஏக்கர் காப்பி நிலம். நான் விண்ணப்பத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"குடும்பத்துல எத்தனை பேருங்க?"

"நாப்பத்தியோரு பேருங்க."

"ஊர்ல இருக்கறவங்க இல்லீங்க. உங்க ஊட்டுல."

"அதத்தானுங்க சொல்றேன். அடுப்பு ஒம்பதுங்க. ஆனா நெலம் ஒண்ணு, பட்டா ஒண்ணு, சேர்வராயன் கோயிலுக்கு வரி குடுக்கறதும் ஒரே தலைக்கட்டுங்க. அப்பறம் குடும்பம் ஒண்ணுதானுங்களே?"

"செரிங்க, அதுல உங்க பங்கு எத்தனை ஏக்கர்?"

"பங்குங்களா? பிரிக்கலியேங்க."

"பிரிச்சா எத்தனை வரும்னு சொல்லுங்க, போதும்."

"எதுக்குங்க பிரிக்கோணும்?" என்று கேட்டார். அவர் குடும்பத்தில் சண்டை மூட்டிவிட வந்தவளைப் பார்க்கிற பார்வை அது. நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

அந்த நாற்பத்தொரு பேரையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். விரல் மடக்காமல், தயங்காமல், மூத்தவரிலிருந்து கைக்குழந்தை வரை சொன்னார். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்கு இடம் இருந்தது. அமெரிக்கர்கள் தாராளமானவர்கள். நாற்பத்தொன்று என்று வரைவில் அடித்துப் பிரின்சிபால் மேஜையில் வைத்தேன்.

அரைமணியில் கூப்பிட்டார்.

"சரோஜா, இது குடும்பமா, பஞ்சாயத்தா? வெள்ளைக்காரன் படிச்சா சிரிப்பான். அப்பா, அம்மா, பொண்ணு, தம்பி. நாலுன்னு போடு."

"அப்ப நிலம் சார்? முப்பது ஏக்கர் நாப்பத்தியோரு பேருக்குப் பொது. நாலு பேருன்னா முப்பது போடக் கூடாதுங்களே."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். "நிலம் பட்டாவுல இருக்கறபடிதான் போடணும். கவர்ன்மென்ட் ரெக்கார்டைத் திருத்த உனக்கும் எனக்கும் அதிகாரம் கிடையாது."

மனிதர்களைத் திருத்தலாம், பட்டாவைத் திருத்தக் கூடாது. முப்பத்தேழு பேரைப் பச்சை மையால் ஒரே கோட்டில் அடித்தார். நாலு பேர் கொண்ட குடும்பம், முப்பது ஏக்கர் காப்பித் தோட்டம் என்று ஆகிவிட்டது. இதைப் படிக்கிற எவனுக்கும் சடையக் கவுண்டர் ஜீப்பில் போகிறவராகத்தான் தெரிவார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. மளிகைக்கடைக்காரர் மகள் நான், வகுத்தல் கணக்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்த்து இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று மணிக்குத் தபால் பை கட்டுவார்கள், எனக்கு வேலை முடிய வேண்டும், அவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. நாலு என்று அடித்தேன்.

பூங்கொடி கையெழுத்துப் போட வந்தபோது கவனித்துவிட்டாள். "அக்கா, நாலுன்னு இருக்குதுங்களே?"

"பிரின்சிபால் சார் சொன்னாரு கண்ணு. அவருக்குத் தெரியாததா?" என்றேன்.

அவள் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. பள்ளி விடுமுறை. பிரின்சிபால் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போகும்போது வழக்கம்போல, மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்காகப் பத்து வெற்று லெட்டர்ஹெட்களில் கையெழுத்துப் போட்டு, மூலையில் எண் போட்டு, என்னிடம் கொடுத்திருந்தார். கடிதம் எதுவும் அவர் பார்க்காமல் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அவர் கையெழுத்து மட்டும் அவர் பார்க்காததன்மேல் போகலாம்.

காலேஜ் எழுதியிருந்தது இதுதான். பூங்கொடி நன்றாகப் படிக்கிறவள், ஆனால் இப்போதைக்குக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம். பட்டியலில் இருக்க விருப்பமா என்று மே முதல் வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உதவித்தொகையைப் பொறுத்தவரை, முப்பது ஏக்கர் காப்பித் தோட்டம் உள்ள நாலு பேர் குடும்பத்துக்குத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், விவரமாக எழுதினால் மறுபடி பரிசீலிப்போம்.

தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் என்று அவர்கள் பழியைத் தாங்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள், நான்தான் தப்பாக அடித்திருந்தேன்.

பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிரின்சிபால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இப்ப அவசரப்பட்டு எழுதினா நாமளே தப்புன்னு ஒத்துக்கறதா ஆகும். ஜூன்ல வந்து நிதானமா ஒரு டிராஃப்ட் போடலாம். வெயிட்டிங் லிஸ்ட்னா வெயிட் பண்றதுதானே?" என்றார். போனை வைத்துவிட்டார்.

அப்பாவும் பெண்ணும் மறுநாள் வந்தார்கள். காத்திருப்போர் பட்டியல் என்றால் என்னவென்று சடையக் கவுண்டருக்கு விளக்கினேன்.

"அப்படீன்னா எடம் கெடச்ச ஆராச்சும் வரலைன்னு சொன்னாத்தான் இவளுக்குங்களா?"

"ஆமாங்க."

"அடுத்த ஊட்டுப் புள்ள வராம போவோணும்னு நாம வேண்டிக்கிட்டிருக்கறதுங்களா? நல்லா இருக்காதுங்களே" என்றார். நான் பார்த்த அத்தனை பெற்றோரில் இதை யோசித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஜுரம் வரவே நேர்ந்துகொண்டவர்கள்.

அன்றைக்கே பூங்கொடி தன் பெயரில் தந்தி கொடுத்தாள். பட்டியலில் இருக்கச் சம்மதம், விவரம் கடிதத்தில் என்று. அடுத்தது அந்தக் கடிதம். பத்து வெற்றுத்தாளில் ஐந்தாவதை எடுத்தேன். அதில் பிரின்சிபாலின் கையெழுத்துக்கு மேலே நான் அடித்தது இவ்வளவுதான். குடும்ப எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது பள்ளி அலுவலகத்தின் தவறு, மாணவியின் தவறல்ல. நிலம் பிரிக்கப்படாத பொது நிலம். அதை வைத்து வாழ்கிறவர்கள் நாற்பத்தொரு பேர். பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. கண்டுபிடித்தால் என் வேலை போகும் என்று தெரியும். வேலை போனால் செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மடிக்கலாம், அந்தப் பெண்ணுக்கு அப்படி மடிக்க ஒரு கடையும் கிடையாது.

வெறும் பட்டியலை யார் நம்புவார்கள்? ஒன்பது அடுப்புக்கும் மூத்தவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். ஒன்பது பேரில் நாலு பேர் குப்பனூர்ப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தார்கள். எல்லாரும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் சேர்வராயன் கோயில் திருவிழாதான். மே மாதம், நல்ல வெயிலில், ஆபீஸ் ஸ்டாம்ப் பேடை முந்தானையில் முடிந்துகொண்டு கூட்டத்தில் நசுங்கி மேலே போனேன். அர்ச்சனைத் தட்டோடு வந்தவர்களுக்கு நடுவில் மை டப்பாவோடு வந்தவள் நான் ஒருத்திதான்.

பாறை ஓரம் குடும்பமே உட்கார்ந்திருந்தது. காகிதத்தை நீட்டினேன். சடையக் கவுண்டரின் பெரியப்பா மகன், குடும்பத்தில் மூத்தவர், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, இது நெலத்த எழுதி வாங்கற காயிதமுங்களா?"

"இல்லீங்க. பூங்கொடி படிப்புக்குங்க."

"இப்படித்தானுங்க சொல்வாங்க. எங்கப்பங்காலத்துல காப்பி நாத்துத் தர்றோம்னு கைநாட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்க. அப்பறம் பாத்தா எட்டு ஏக்கரு எஸ்டேட்காரனுது. என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாத தாள்ல நாங்க வெரல் வெக்க மாட்டமுங்க."

எம்.ஏ. படித்த பிரின்சிபால் பத்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெங்களூரில் தூங்குகிறார். எழுதப் படிக்கத் தெரியாத இவர் ஒரு தாளுக்கு இத்தனை கேள்வி கேட்கிறார். எங்கள் பள்ளிக்கு யாரைப் பிரின்சிபாலாகப் போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பூங்கொடி என் கையிலிருந்து தாளை வாங்கினாள். "பெரியப்பா, நா படிக்கறேன், கேளுங்க. இது என்னயப் பத்தின காயிதம். தப்பா இருந்தா வெக்காதீங்க" என்று சொல்லி, முதல் வரியிலிருந்து தமிழில் படித்தாள். பெயர், உறவு, வயது, என்ன வேலை. ஒவ்வொரு பெயருக்கும் அங்கே யாரோ ஒருவர் "நாந்தானுங்க" என்றார்கள். ஒரு பெயருக்குச் சத்தமே வரவில்லை. அந்தப் பெரியவர் மாசி மாதம் இறந்துவிட்டார். அதே வீட்டில் பங்குனியில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அதன் அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டி, "இவன உட்டுட்டீங்களேங்க" என்றாள். இறந்தவர் பெயரை அடித்துவிட்டுக் குழந்தையைப் பேனாவால் சேர்த்தேன். கணக்கு நாற்பத்தொன்றாகவே நின்றது.

கடைசியில் பெரியவர் கேட்டார். "இதுல நெலத்தப் பத்தி என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"பிரிக்கலைன்னு எழுதியிருக்குதுங்க பெரியப்பா."

"அது நெசந்தான்" என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினார். மற்ற எட்டுப் பேரும் அவருக்குப் பின்னால் வந்து, கார்பன் பிரதியிலும் சேர்த்து விரல் வைத்தார்கள்.

மறுநாள் சேலம் தலைமைத் தபால் நிலையத்துக்கு நானே போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன். பிறகு காத்திருந்தோம். மே முடிந்தது. சேலம் காலேஜ்களில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது, போனது. பூங்கொடி வாரம் இரண்டு தடவை ஆபீஸ் ஜன்னலுக்கு வருவாள். தபால் இல்லை என்று என் முகத்திலேயே தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவாள். அந்த மூன்று வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூனில் பிரின்சிபால் வந்ததும் முதல் வேலையாகத் தாள்களை எண்ணினார். "அஞ்சாம் நம்பர் எங்கே?"

"டைப் அடிக்கறப்ப கெட்டுப்போச்சு சார்."

"கெட்டுப்போன தாளையும் ஃபைல்ல வைக்கணும் சரோஜா" என்று அரைமணி நேரம் காகிதச் சிக்கனத்தைப் பற்றிப் பேசினார்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அமெரிக்கத் தபால் வந்தது. எண் போட்டு, பிரிக்காமல் அவர் மேஜையில் வைத்தேன். அவர் பிரித்துப் படித்தார். மறுபடி படித்தார். பட்டியலில் இருந்து பூங்கொடியைச் சேர்த்துக்கொண்டோம், முழு உதவியும் தருகிறோம், தன் அலுவலகத்தின் தவறைத் தானே ஒப்புக்கொண்டு எழுதிய பிரின்சிபாலின் நேர்மையை எங்கள் குழு வியந்து பாராட்டியது என்று இருந்தது.

அவர் முகம் போன போக்கை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். எழுதவில்லை என்று சொன்னால் பாராட்டு போய்விடும். எழுதினேன் என்று சொன்னால் தப்பு செய்ததாகிவிடும்.

"நான் எழுதின லெட்டரோட ஆபீஸ் காப்பி எங்கே?" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். பச்சைப் பேனாவைத் திறந்து, இரண்டாவது வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி போட்டார். ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, "ஃபைல் பண்ணிடு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அந்த வருஷ ஆண்டறிக்கையில் 'நேர்மையே என் நெறி' என்று அவர் ஒரு பக்கக் கட்டுரை எழுதினார். நான்தான் மூன்று வரைவும் அடித்தேன்.

விசாவுக்கு மெட்ராஸ் போனபோது அங்கே வேறு நியாயம். உதவி கேட்கிற இடத்தில் ஒன்றும் இல்லை என்று காட்ட வேண்டும், விசா கேட்கிற இடத்தில் திரும்பி வர ஏதோ இருக்கிறது என்று காட்ட வேண்டும். பூங்கொடி அதே பட்டியலின் கார்பன் பிரதியை நீட்டியிருக்கிறாள். அதிகாரி ஒன்பது கைநாட்டையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாராம்.

ஆகஸ்டில் ஒரு காலை, ஏற்காட்டில் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் அவளைப் பஸ் ஏற்றினோம். மேலே கிராமத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம் கடைவீதியை அடைத்துக்கொண்டு நின்றது. கண்டக்டர் பயந்துபோய், "எல்லாருமே மெட்ராஸுக்குங்களா?" என்று கேட்டார். பூங்கொடி ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தாள். "வர்றேனுங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போய்ட்டு வா சாமி" என்றேன்.

பஸ் கிளம்பி வளைவில் திரும்பியது. எல்லாரும் கலைந்தார்கள். சடையக் கவுண்டர் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாமுங்க என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. மொதல்ல நாலுன்னு அடிச்சீங்களே. அது தப்புன்னு தெரிஞ்சேதான் அடிச்சீங்களா?"

பிரின்சிபால் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். அவர் கண்ணைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரிஞ்சேதானுங்க அடிச்சேன்" என்றேன்.

அவர் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்பச் செரிங்க" என்றார். "தெரியாம அடிச்சிருந்தீங்கன்னா திருத்தியிருக்க மாட்டீங்க."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோயில் ரோட்டில் தன் ஆட்களோடு நடந்து போனார். எத்தனையோ பேருக்கு நற்சான்றிதழ் அடித்துக் கொடுத்த எனக்கு அன்றைக்குக் கிடைத்தது நற்சான்றா, திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் ஆபீஸுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பத்து மணி மணியடிக்கும்வரை அழுதேன்.